பிறந்தது கோவை ஜி.எச்., சட்டத்தில் வெளிநாட்டவர்

சிறுவாணி சாலையில் உள்ள பூலுவபட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த ஓர் இளைஞர் கோவை ஜி.எச்.சிலேயே பிறந்திருக்கலாம். நம்மைப் போலவே ‘ஏனுங்க’ என்றும் பேசலாம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை.

அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்?

ஜி.எச். ஓ.பி. சீட்டு வரிசையில் பெயர், வயது, ஊர் கேட்பார்கள்; பாஸ்போர்ட் கேட்பதில்லை. பெரிய சிகிச்சை என்றால்தான் காப்பீட்டுக் கார்டு பேச்சு வரும். 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை அரசு ஏற்கிறது. நாம் சேர வேண்டுமானால் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருப்பதாக வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க வேண்டும். முகாமில் இருப்பவர்களுக்கு அந்த வரம்பே கிடையாது. (நம்மூர்ப் பையன் ஐ.டி. வேலைக்கு லண்டன் போனால், விசா எடுக்கும்போதே ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். நர்ஸ் வேலைக்கான விசா என்றால் விலக்கு உண்டு.)

முகாம்களில் நிறையப் பேருக்குப் பெயின்டிங் வேலை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தால், கார்டு இல்லாவிட்டாலும் ஜி.எச்.சில் பார்ப்பார்கள். திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் போகும்போதுதான் கார்டின் அருமை தெரியும். அடிபட்ட பிறகு அலையாமல், கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இடிப்பது ஓரிடத்தில். விதியில் இருப்பது ‘முகாம்’ என்ற சொல். அண்ணன் முகாமிலும் தம்பி போலீஸ் பதிவோடு வெளியே வாடகை வீட்டிலும் இருந்தால், வருமான வரம்பில்லாத சலுகை அண்ணனுக்கு மட்டும்தான். ஒரே படகில் வந்தவர்களை இப்படிப் பிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சாலை விபத்துக்கு இந்தப் பிரிவினை இல்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கார்டும் வேண்டாம், குடியுரிமையும் வேண்டாம். அவிநாசி ரோட்டில் அடிபட்டவர் திருப்பூருக்குப் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த வெள்ளைக்காரராக இருந்தாலும் அதேதான். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும், அவ்வளவே. பாலக்காடு ரோட்டில் வாளையாறு தாண்டிவிட்டால், கோயமுத்தூர்க்காரருக்கே இது கிடையாது.