அளந்து எரியும் விளக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், உள் ஹெப்ரைடீஸ் என்னும் தீவுக் கூட்டத்தின் நடுவில், நீளத்தில் 9 கிலோமீட்டரும் அகலத்தில் 5 கிலோமீட்டருமே உள்ள எக் என்ற தீவில், ஏறக்குறைய 100 பேர் வசிக்கிறார்கள். வெளியூர்ப் பிரபுக்கள் ஒருவர் மாற்றி ஒருவராக விலைக்கு வாங்கியும் விற்றும் வந்த அந்தப் பூமியை, 1997 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அங்கே குடியிருந்த ஜனங்களே ஓர் அறக்கட்டளையின் மூலம் தங்கள் பொதுச் சொத்தாக்கிக்கொண்டார்கள். ஆனால் நிலம் சொந்தமான பிறகும், பெருநிலத்து மின்கம்பி கடலைத் தாண்டி வராத காரணத்தினால், பெரும்பாலான வீடுகளில் டீசல் ஜெனரேட்டர்தான் இரைந்துகொண்டிருந்தது. எண்ணெயோ படகேறி வர வேண்டிய பண்டம். இயந்திரத்தை நிறுத்தினால் விளக்கும் அணையும், குளிர்பெட்டியும் ஓயும்.

கடலடியில் கம்பி இழுப்பதற்கு ஆகும் செலவு அவர்கள் சக்திக்கு அப்பாற்பட்டதென்று தெரிந்ததும், தீவிலேயே கிடைக்கும் நீர், காற்று, வெயில் ஆகிய மூன்றையும் ஒரே வலையில் பிணைத்துவிட அவர்கள் தீர்மானித்தார்கள். 2008 பிப்ரவரி முதல் தேதி அந்த மின்சாரம் வீடுகளுக்கு வந்தது. ஓடைகளில் ஒரு பெரிய நீர்மின் நிலையமும் இரண்டு சிறியவையும், ஒவ்வொன்றும் 6 கிலோவாட் சக்தியுள்ள நான்கு காற்றாலைகளும், சூரியத் தகடுகளும் சேர்ந்து தரும் மின்சாரம், பூமிக்கடியில் புதைத்த கம்பிகளின் வழியே தீவெங்கும் போகிறது. மூன்றையும் சேர்த்ததில் ஆழ்ந்த யோசனை இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் ஏறக்குறைய 7 மணி நேரமே தலைகாட்டும் அந்த வட தேசத்தில், குளிர்காலத்து மழையும் புயற்காற்றும் ஓடைகளைப் பெருக்கிக் காற்றாலைகளை ஓயாமல் சுழற்றுகின்றன. கோடையில் நீர் வற்றிக் காற்று அடங்கும் சமயம், நெடும்பகல் தகடுகளுக்குத் துணை வருகிறது. மூன்றும் ஒருங்கே கைவிடும் நாட்கள் சொற்பம். அவற்றுக்காக டீசல் இயந்திரங்களும் தயாராக நிற்கின்றன.

இத்தனையிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒரு விதி. ஒவ்வொரு வீடும் ஒரே சமயத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. வியாபார ஸ்தலங்களுக்கு 10 கிலோவாட். மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று விதிக்கப்பட்ட வரம்பன்று இது. குழாயின் அகலம் வேறு, நாள் முழுவதும் அதில் நிரம்பும் குடங்களின் எண்ணிக்கை வேறு. எக் தீவார் வரையறுத்தது குழாயின் அகலத்தைத்தான். அதற்குத் தக்க காரணம் உண்டு. பெருநாட்டு மின்வலையில் லட்சக்கணக்கான வீடுகளின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சில பத்து வீடுகளே உள்ள தீவிலோ, மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போட்டால், அந்த ஒரு கணத்தைத் தாங்குவதற்கென்றே பன்மடங்கு பெரிய இயந்திரங்களை வாங்கி, மற்ற நேரமெல்லாம் சும்மா வைத்திருக்க நேரும்.

ஆகவே வீட்டில் ஒரு சிறு கருவி, அந்த நிமிஷத்தில் செலவாகும் மின்சாரத்தை எண்ணாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. தேநீருக்கு வெந்நீர் வைக்கும் மின்கெண்டி 2 அல்லது 3 கிலோவாட் இழுக்கும். துணி துவைக்கும் இயந்திரம் நீரைச் சூடேற்றும் வேளையில் 2 கிலோவாட் அளவு கேட்கும். அந்தச் சமயத்தில் மின்சார அடுப்பையும் போட்டால் எண் வரம்பைத் தாண்டும், வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும். அதை மீட்டுத் தரப் பராமரிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர், அதாவது பக்கத்து வீட்டுக்காரரே, வந்தாக வேண்டும். கெண்டி கொதித்து அடங்கும்வரை துவைக்கும் வேலையைத் தள்ளிவைப்பது இதனால் வீட்டுப் பழக்கமாகிவிடுகிறது. செல்வர் வீட்டுக்கும் எளியவர் வீட்டுக்கும் வரம்பு ஒன்றே என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மிச்சத்தைக் கையாளும் முறையும் நுட்பமானது. பாட்டரிகள் ஏறக்குறைய ஒரு நாளைய தேவையைத் தாங்கும். அவை நிரம்பியதும், இன்வெர்ட்டர்கள் வலையின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே உயர்த்துகின்றன. தனித் தந்தியோ ஆளோ தேவையின்றி, அந்த உயர்வையே ஜாடையாகக் கொண்டு, சமூகக் கூடம் போன்ற பொதுக் கட்டடங்களின் சூடேற்றிகள் உயிர்பெறுகின்றன. மிஞ்சிய மழையும் காற்றும் இவ்வாறு ஊர் கூடும் இடத்தில் வெதுவெதுப்பாகின்றன. மாறாக, வறண்ட வசந்த காலத்தில் ஓடை மெலிந்துபோனால், உபயோகத்தைக் குறைக்கும்படி வீடுகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள், அவர்களும் குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த அமைப்பை நடத்தும் நிறுவனம் தீவாருக்கே உரியது. பழுது பார்க்கவும் அவர்களுள் சிலரே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். முதலில் 10 கிலோவாட்டாக இருந்த சூரியத் தகடுகளைப் பின்னர் ஏறக்குறைய 50 கிலோவாட்டாகப் பெருக்கினார்கள். ஆயினும், வீட்டைச் சூடாக்கும் பொறுப்பு முழுவதையும் மின்சாரத்தின்மேல் இறக்கிவிட 5 கிலோவாட் இடம் கொடாது. ஆதலால் குளிர்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்கும் வேலை அங்கே இன்னும் ஓயவில்லை.