கடைப் பெயரின் சாவி யார் கையில்?

புளியும் நிலக்கடலையும் மொத்தத்தில் விற்கும் ஏரியூர்க்காரனுக்கு இண்டர்நெட் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். பட்ட பாடுதான் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டிக்கு இணையதளமும், அதே பெயரில் மின்னஞ்சலும் டவுனில் ஒருவர் மூலம் ஏற்பாடு செய்தோம். ஆண்டுதோறும் அவர் கேட்ட தொகையைக் கொடுத்து வந்தோம். ஒரு பங்குனியில், புளி வரத்து உச்சத்தில் இருந்த சமயம், வெளியூர்ப் பார்ட்டிகள் அனுப்பிய ஆர்டர்கள் வரவேயில்லை. சில மெயில்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின. டவுன்காரர் போனை எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் என் பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, நம்ம கடைப் பெயரே அவர் பேரில்தான் பதிவாகியிருக்கு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கம்ப்யூட்டருக்கு நம் கடைப் பெயர் புரியாது, எண்தான் புரியும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாட்டின் பெயர் டி.என்.எஸ். ஆதியில் எல்லாப் பெயர்களும் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்த ஒரே பட்டியலில் இருந்தன. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்க வழி செய்தார். அந்தப் பகுதிதான் 'ஜோன்'. சில்லறைக் கடைக்காரருக்குத் தோட்டக்காரரைத் தெரியாது, மண்டியைத்தான் தெரியும் அல்லவா? அதுபோல் உச்சியில் உள்ள சர்வர், 'டாட் இன்' பேரேடு இருக்குமிடத்தை மட்டும் காட்டும். அந்தப் பேரேடு நம் ஜோன் உள்ள சர்வரைக் காட்டும். அங்கேதான் நம் எண் கிடைக்கும்.

ஜோனில் சில வரிகள்தான். 'ஏ' வரி இணையதளம் இருக்கும் எண்ணைச் சொல்லும். 'எம்.எக்ஸ்.' வரி மெயிலை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும். டவுன்காரர் சர்வரை மாற்றியவர் 'ஏ' வரியை மட்டும் திருத்திவிட்டு, மெயில் வரியை மூடிப்போன பழைய சர்வரிலேயே விட்டிருந்தார். ஒரு வரி, அத்தனை ஆர்டர்!

ஆளைப் பிடித்துத் திருத்திய பின்னும் உடனே சரியாகவில்லை. ஒவ்வொரு வரியோடும் 'டி.டி.எல்.' என்று ஒரு கெடு இருக்கிறது. எங்களுடையதில் 86400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். அதுவரை மற்ற சர்வர்கள் பழைய பதிலையே நினைவில் வைத்திருக்கும். சர்வர் மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்திருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

நம் நாட்டில் டாட் இன் பதிவேட்டை நிக்ஸி நிறுவனம் நிர்வகிக்கிறது. 2005 பிப்ரவரி முதல் யார் வேண்டுமானாலும் அதில் பெயர் வாங்கலாம். தமிழிலேயே 'டாட் இந்தியா' பெயரும் உண்டு. எங்கே வாங்கினாலும் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ கடைப் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். தவணை தப்பினால் பெயர் வேறொருவருக்குப் போகவும் கூடும்.

பதிவில் தரும் மெயில் முகவரி அதே கடைப் பெயரில் இருக்கக் கூடாது. பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதையாகிவிடும். நாங்கள் நடையாய் நடந்து பெயரை மாற்றி வாங்கியபோது வேறு முகவரி கொடுத்தோம். பாஸ்வேர்டு எழுதிய தாள் இப்போது கடைப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கிறது.