பழைய குறை இருந்தால் நஷ்ட ஈடு கிடையாதா?



தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்லில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 40. சின்ன வயசிலேயே முள் குத்தி இடது கண் போய்விட்டது. ஒருநாள் மரச்சிராய் தெறித்து மிச்சமிருந்த கண்ணும் போகிறது.

"நமக்குத்தான் ஏற்கெனவே ஒரு கண் இல்லையே, என்னத்தைக் கேட்க?" என்கிறார் அவர். "கொடுக்கிறதை வாங்கிட்டுப் பேசாம இருங்க" என்கிறாள் மனைவி. அவசரப்படாதீர்கள்!

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வந்துவிட்டன. இழப்பீட்டுப் பட்டியலில், ஒரு கண் போனால் 40 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் 'மறு கண் நன்றாக இருந்தால்' என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. இவருக்கோ மறு கண்ணே கிடையாது. பார்வை தேவைப்படும் எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால் 100 சதவீதம் என்று அதே பட்டியல் சொல்கிறது. இவர் கேட்க வேண்டியது அதைத்தான். மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால், அதில் 60 சதவீதத்தை 40 வயதுக்குரிய 184.17ஆல் பெருக்க வேண்டும். 11 லட்சத்துக்கு மேல் வரும். சும்மா விடுகிற தொகையா?

நெஞ்சு நோய் போன்றவற்றில் விஷயம் கொஞ்சம் சிக்கல். நோய் முன்பே இருந்தாலும், வேலையின் பளுவும் சேர்ந்து அதை முற்றச் செய்திருந்தால் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. வேலையிடத்தில் மயங்கி விழுந்தார் என்பது மட்டும் போதாது, வேலைக்கும் அதற்கும் தொடர்பைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

ஆகவே டாக்டரிடம் பழைய நோயை மறைக்காதீர்கள். அன்றைக்கு எத்தனை மூட்டை தூக்கினார், எத்தனை மணி நேரம் நின்றார் என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் உண்மைகூடப் பொய்யாகத் தோன்றும். மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அந்த அலுவலகத்திலும், மற்றவர்கள் திருநெல்வேலி தொழிலாளர் துறை அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டும். காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

மாற்றுத் திறனாளி அடையாள அட்டை வேறு சங்கதி. குற்றாலத்துக்காரர்களும் தென்காசி அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். குறை பிறவியிலேயே வந்ததா, வேலையில் வந்ததா என்பது அங்கே தடையில்லை. 40 சதவீதம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.