பால் பொங்கியதும் அடுப்பு அடம்பிடிக்குதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் படிங்க!

டச் பட்டன் வைத்த இண்டக்ஷன் அடுப்பில் பால் பொங்கி, பட்டன் பக்கம் வழிந்துவிட்டது. யாரும் தொடவில்லை. ஆனால் 'பீப்' என்று கத்திவிட்டு அடுப்பு அணைகிறது. இல்லாவிட்டால், எந்தப் பட்டனைத் தொட்டாலும் கண்டுகொள்ள மறுக்கிறது. 'போர்டு போச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம்.

அந்தக் கண்ணாடியில் அமுங்குவதற்கு எதுவுமே கிடையாது. ஆத்திரத்தில் ஓங்கிக் குத்தினால் கண்ணாடிக்குத்தான் சேதம். ஒவ்வொரு பட்டனுக்கும் நேர் கீழே ஒரு சின்ன உலோகத் தகடோ, ஸ்பிரிங்கோ இருக்கும். அது மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டி சிப்புடன் இணைந்திருக்கும்.

அந்த சிப் என்ன செய்கிறது? தகட்டில் மின்னேற்றத்தை நிரப்புகிறது, காலி செய்கிறது. டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொட்டுவது போல, இதையே ஓயாமல் செய்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் நெருங்கியதும் அந்த 'டம்ளர்' கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது. நிரம்பக் கூடுதல் நேரம் பிடிக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை தடவை நிரம்பியது என்று எண்ணும் சிப், எண்ணிக்கை குறைந்தால் 'யாரோ தொட்டுட்டாங்க' என்று புரிந்துகொள்ளும். பல சிப்களில் இதுதான் வழி. விரலால் கூடும் அளவு சில பிகோஃபாரட்தான். ஒரு பிகோஃபாரட் என்றால், ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

பிரச்னை என்னவென்றால், பாலும் தண்ணீரும்கூட மின்சாரத்தைக் கடத்துபவை. சிப்புக்கு அதுவும் விரல்தான். ஒரே நேரத்தில் நாலைந்து பட்டன்கள் 'தொடப்பட்டால்', ஏதோ கொட்டிவிட்டது என்று சில அடுப்புகள் தாமாகவே அணைந்துவிடும். (என்னைக் கேட்டால், அணைக்கும் பட்டனையாவது அமுக்குகிற மாதிரி வைத்திருக்கலாம்.)

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வெயில், மழைக்கால ஈரம் என்று எல்லாவற்றுக்கும் இந்த எண்ணிக்கை மாறும். அதனால், யாரும் தொடாதபோது வரும் எண்ணை 'இதுதான் சாதாரணம்' என்று சிப் குறித்துக்கொள்கிறது. பல சாதனங்களில் இந்தக் கணக்கு, சுவிட்ச் போட்டவுடன் நடக்கும். அந்த நேரத்தில் பட்டன்கள் மேல் ஈரத்துணி கிடந்தால் அதையே சாதாரணம் என்று நம்பிவிடும். அப்புறம் விரல் வைத்தாலும் கண்டுகொள்ளாது.

எனவே பால் கொட்டினால் பட்டன்களோடு மல்லுக்கட்டாமல், கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு சுவர் சுவிட்சை அணையுங்கள். கண்ணாடி ஆறியதும் ஈரமில்லாமல் துடையுங்கள். பட்டன்கள் மேல் கையோ துணியோ இல்லாதபோது மறுபடி சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.