தந்தப் பிடிச் சவரக்கத்தி சீரமைப்பு

தந்தப் பிடிச் சவரக்கத்தி என்பது யானைத் தந்தத்தில் அறுத்தெடுத்த இரு மெல்லிய தகடுகளைப் பிடியாகக் கொண்ட மடிப்புச் சவரக்கத்தி ஆகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரம் இவற்றின் உற்பத்திக்குப் பெயர்பெற்றிருந்தது. அந்நகரின் ஜோசப் ராட்ஜர்சு நிறுவனம் பெருமளவில் தந்தத்தைப் பயன்படுத்தியது. இன்று முடிதிருத்தகங்களில் மாற்றக்கூடிய பிளேடு பொருத்தும் கத்தியே வழக்கில் உள்ளதால், பழைய கத்திகள் பெரும்பாலும் குடும்பச் சொத்தாகவே எஞ்சியுள்ளன. துருவேறிய எஃகைச் சாணை பிடித்து ஓரளவு மீட்டுவிடலாம். வெடித்த பிடியை மீட்பதுதான் கடினம்.

சேதத்தின் காரணங்கள்

தந்தம் கொலாசன் புரதமும் ஐதராக்சிஅபடைட்டு என்னும் கனிமமும் சேர்ந்த பல்திசு. காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், வறண்டால் சுருங்கும். இந்த விரிவும் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை என்பதால் மெல்லிய தகடு வளைகிறது, இழையோட்டத்தை ஒட்டி வெடிக்கிறது. பண்ருட்டி போன்ற கடலோர மாவட்டத்து ஊர்களில் கோடை வெப்பமும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் ஆண்டுதோறும் மாறிமாறித் தாக்குகின்றன. சுழலும் ஆணியில் துரு பிடித்துப் பருத்தால் துளையைச் சுற்றி வெடிப்பு தொடங்கும்.

தந்தம்தானா?

வேலைக்கு முன் இதை உறுதிசெய்வது அவசியம். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் சிரெகர் கோடுகள் தெரியும். நீளவாக்கில் அறுத்த பிடியில் அவை சீரற்ற மெல்லிய இழைகளாகவே காணப்படும். எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். கோடுகள் அச்சடித்தாற்போல் இணையாக ஓடினால் அது செல்லுலாய்டு. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் ஆபத்தானது: செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும், உண்மைத் தந்தமானால் தழும்பு நிலைத்துவிடும். சிதையும் செல்லுலாய்டு வெளியிடும் அமில ஆவி கத்தியை அரிக்கும் என்பதால் அத்தகைய பிடியைக் கழற்றி அப்புறப்படுத்துவதே நல்லது.

சீரமைக்கும் முறை

பிடியை நெம்பிப் பிரிக்கக் கூடாது. ஆணியின் தட்டிய தலையை அரத்தால் மெல்ல அராவி, பிறகு கம்பியைத் தட்டி வெளியேற்ற வேண்டும். அழுக்கை இலேசாக ஈரமாக்கிய பஞ்சால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். நீரில் ஊறவைத்தால் தகடு வளையும். புளியும் எலுமிச்சையும் கனிமத்தைக் கரைக்கும். எண்ணெய் கறையாகப் படியும். முதிர்ந்த மஞ்சள் நிறம் அழுக்கன்று. அதைச் சுரண்டி வெண்மையாக்குவது பழமையை அழிப்பதாகும்.

வெடிப்பை ஒட்டச் சயனோஅக்ரிலேட்டு பசை விரைவானது. ஆனால் பின்னர் அகற்றுவது கடினம். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் விரும்புவது அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 போன்ற அக்ரிலிக் பிசின். மீண்டும் பிணைக்கும்போது பித்தளைக் கம்பிக்கும் துளைக்கும் இடையே சற்று இடைவெளி வேண்டும். சிறு சுத்தியலால் பல மெல்லிய தட்டுகள் தட்ட வேண்டும். ஓங்கி ஓர் அடி அடித்தால் ஒட்டிய இடமே மறுபடி பிளக்கும்.

சட்டமும் மாற்றுப் பொருளும்

உடைந்து தொலைந்த பகுதிக்குப் புதுத் தந்தம் வாங்க இந்தியாவில் வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தையும், 1991இன் திருத்தம் இறக்குமதித் தந்த வணிகத்தையும் தடுத்தன. வெளிநாட்டுக் கைவினைஞர்கள் சிலர் நாடும் மாமூத் தந்தமும் இங்கு உதவாது. அதுவும் தடைக்குள் அடங்கும் என்று 2003இல் பல்ராம் குமாவத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைச் சான்றிதழ் உள்ள பழைய பொருளையும் விற்க முடியாது. மரபுரிமையாகப் பெறுபவர் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும்.

ஆகவே சிறு குழிகளை நிறமி கலந்த பிசினால் நிரப்புவர். பிடி முழுவதும் சிதைந்திருந்தால் மாட்டெலும்பு, எருமைக் கொம்பு அல்லது மரத்தில் புதிதாகச் செய்துகொள்ளலாம். தஞ்சாவூர் வீணை இதே மாற்றத்தைக் கண்டது: பண்ருட்டிப் பலாமரத்தில் செய்யும் அதன் உடலில் முன்பு பதித்த தந்தத் தகடுகளின் இடத்தை இப்போது பிளாஸ்டிக் பிடித்துள்ளது. நன்கு பதப்பட்ட அந்தப் பலாமரமே கத்திப் பிடிக்கும் ஏற்றது. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருந்து நாளடைவில் பழுப்பாகும்.