நட்சத்திரம் தேடும் நடுநிலைப் பள்ளிகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரு பள்ளியை நல்ல பள்ளி என்று எதைக் கொண்டு சொல்கிறோம்? தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு என்பார் பலர். ஆனால் எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளிக்கு அரசுப் பொதுத் தேர்வு இல்லை. செய்தித்தாளில் அதன் பெயர் வருவதும் அரிது. அத்தகைய பள்ளியையும் எடைபோட்டுப் பாராட்ட ஒரு வழி உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

பள்ளித் தூய்மைக்காக 2014இல் தொடங்கிய இயக்கத்தின் தொடர்ச்சியாக, 2016இல் மத்திய அரசு ‘ஸ்வச் வித்யாலயா புரஸ்கார்’ என்னும் தூய்மைப் பள்ளி விருதை ஏற்படுத்தியது. பள்ளியே தன்னைப் பற்றிய விவரங்களை நிரப்பி விண்ணப்பிக்க வேண்டும் என்பதே இதன் சிறப்பு. குடிநீர், கழிப்பறை, சோப்பு போட்டுக் கைகழுவுதல், பராமரிப்பு, பழக்கவழக்க மாற்றமும் பயிற்சியும் என ஐந்து தலைப்புகளில் கேள்விகள் இருந்தன. 2021-22இல் கொரோனா முன்னெச்சரிக்கை ஆறாவதாகச் சேர்ந்தது. 90 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றால் ஐந்து நட்சத்திரம். 75 முதல் 89 வரை நான்கு. 51 முதல் 74 வரை மூன்று. 35க்குக் கீழே பெற்ற பள்ளிக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. முன்னணியில் நின்ற பள்ளிகளை நேரில் சரிபார்த்து மாவட்டம், மாநிலம், நாடு எனப் படிப்படியாக விருது வழங்கினார்கள்.

“கழிப்பறைக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு?” என்று நண்பர்கள் நகைக்கலாம். என் அக்காவைக் கேட்டால் சொல்லுவாள்.

நாங்கள் இருவரும் படித்தது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். பெண்களுக்குக் கழிப்பறை இருந்தது. அதில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்குப் போவோம். அக்கா பெரியவளான பிறகு மாதத்தில் நான்கு நாள் போகமாட்டாள். விட்ட பாடம் சேர்ந்துகொண்டே போயிற்று. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். இன்று எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவள் நான். அந்த இடம் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும்.

2017-18இல் நான் ஏழாம் வகுப்பு. விருதுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஓர் ஆசிரியை சொன்னார். “ஐந்து நட்சத்திரம் வாங்குகிற பள்ளியா இது? எழுதிப் போட்டால் நம் மானம்தான் போகும்” என்று மற்றவர்கள் சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்தது.

2021-22இல் என் தம்பி அதே பள்ளியில் படித்தான். புதிதாக வந்த தலைமையாசிரியர் மாணவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுதினார். சத்துணவுக்கு முன் எல்லாரும் ஒரே நேரத்தில் கைகழுவ வசதி உண்டா? இல்லை. சோப்பு உண்டா? இல்லை. வேதியியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: கையில் உள்ள எண்ணெய்ப் பசையில் கிருமிகள் ஒட்டியிருக்கும், அதை வெறும் தண்ணீர் எளிதில் கரைக்காது. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றிக்கொள்வதால்தான் அழுக்கும் கிருமியும் சேர்ந்து வெளியேறுகின்றன. சின்னக் கேள்விதான், ஆனால் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு அதில் அடங்கியிருக்கிறது.

‘இல்லை’ என்று எழுதியவற்றையெல்லாம் பட்டியலாக்கிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் படித்தார் தலைமையாசிரியர். பெற்றோர் தலைகுனிந்தார்கள், ஆனால் எழுந்தும் வந்தார்கள். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தது. தாழ்ப்பாளைத் தன் செலவில் போட்டுத் தந்தார் ஊர்த் தச்சர். பள்ளிக்குக் கிடைத்தது மூன்று நட்சத்திரம். விருது ஒன்றும் வரவில்லை. அந்த ஆண்டு ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் சுமார் 8.23 லட்சம், தேசிய விருது பெற்றவை 39 பள்ளிகளே. ஆகவே விருது கிடைக்காதது வியப்பன்று. தன் குறையைத் தானே எழுதிப் பார்த்ததே எங்கள் பள்ளி அடைந்த பயன்.

இத்திட்டம் 2025இல் சுற்றுச்சூழல் பணிகளையும் சேர்த்துக்கொண்டு ‘ஸ்வச் ஏவம் ஹரித் வித்யாலயா’ என்று புது வடிவம் பெற்றது. நம் கல்லூரியில் பலர் இத்தகைய பள்ளிகளிலிருந்து வந்தவர்களே. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, படித்த பள்ளிக்கு ஒருமுறை சென்று, “விண்ணப்பித்தீர்களா ஐயா?” என்று கேளுங்கள். கைப்பேசியில் நிரப்பத் தெரியாவிட்டால் உடன் உட்கார்ந்து உதவுங்கள். குறைந்த நட்சத்திரம் வந்துவிடுமோ என்று தயங்கும் பள்ளிதான் முதலில் விண்ணப்பிக்க வேண்டிய பள்ளி.

வரும் ஜூனில் என் அக்காவின் மகள் அதே பள்ளியில் முதல் வகுப்பில் சேருகிறாள். தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று அக்கா இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.