குப்புறப் படுக்க வைத்த புத்தகங்கள்

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதா, குப்புறப் படுக்க வைப்பதா? இந்த ஒரே கேள்வியோடு லண்டன் ஆராய்ச்சியாளர்கள் சிலர் பழைய புத்தகங்களைப் புரட்டினார்கள். 1940-லிருந்து 2002 வரை வெளிவந்த குழந்தை வளர்ப்பு நூல்களையும் மருத்துவப் பாடநூல்களையும் எடுத்து, தூக்கம் பற்றி எழுதியிருந்த ஓரிரு வரிகளைத் தேடிப் பிடித்தார்கள். கூடவே, தொட்டிலிலேயே குழந்தை இறந்துபோகும் ‘திடீர் சிசு மரணம்’ பற்றிய பழைய ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

2005-ல் முடிவு வெளியானது. குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970-லேயே அச்சில் இருந்திருக்கிறது. யாரும் அதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கலாம். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்தால் குறைந்தது 50,000 பேர்.

பெற்றோர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்ட டாக்டர் பெஞ்சமின் ஸ்போக்கின் புத்தகம், 1956 பதிப்பிலிருந்து குப்புறப் படுக்கையைத்தான் சிபாரிசு செய்தது. சொன்ன காரணமும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது: மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சடைக்கும், தலையும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். நம்பியது சாமானியர்கள் மட்டுமல்ல. ஆதாரத்தை அலசாமல் சிகிச்சை சொல்லக் கூடாது என்று பின்னாளில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பையே தொடங்கிய டாக்டர் இயன் சால்மர்ஸும் நம்பினார். அந்த அறிவுரையை அடுத்தவர்களுக்கும் சொன்னேன் என்று அவரே வருந்தி எழுதியிருக்கிறார். மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991 இறுதியில்தான் தொடங்கியது. அதன் பிறகு தொட்டில் மரணங்கள் மளமளவெனக் குறைந்தன.

இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ரூத் கில்பர்ட் வேலை பார்த்த இடம், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையை ஒட்டிய குழந்தை நல ஆய்வு நிறுவனம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு நூலகம் இருக்கிறது. நோயாளிக் குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் தரும் நூலகம் என்று நினைத்துவிட வேண்டாம். இது டாக்டர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வாளர் ஆகியோருக்கானது.

ஊழியர்களுக்குப் படிக்கக் கொடுக்கும் பழக்கம் அங்கே புதிதல்ல. 1852-ல் பத்தே படுக்கைகளோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் சார்லஸ் வெஸ்ட், இரண்டே ஆண்டுகளில், நோயுற்ற குழந்தைகளை எப்படிப் பராமரிப்பது என்று தன் செவிலியர்களுக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார்.

இன்றைக்கு நூலகத்துக்கு நேரில் போக வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் இருப்பவர்கள் ‘ஓப்பன்ஏதென்ஸ்’ கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு வார்டிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஜர்னல்களைத் திறக்கலாம். எந்த மருந்தை எந்த வயதுக்கு, எவ்வளவு எடைக்கு, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் ‘பிஎன்எஃப் ஃபார் சில்ட்ரன்’ என்ற கையேடு 2005-லிருந்து வருகிறது. இப்போது அது செல்போனுக்குள் வந்துவிட்டது. புதிதாக வந்த ஆய்வுகளையும் மாறிய வழிகாட்டு நெறிகளையும் துறைவாரியாகப் பொறுக்கி மின்னஞ்சலில் அனுப்புவதும் இத்தகைய நூலகங்களின் வேலைதான். எல்லாமே கைக்குள் வந்துவிட்டது, அப்புறம் நூலகர் எதற்கு என்று நிர்வாகிகள் கேட்பது இந்த இடத்தில்தான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரைப்போடு வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கு நெபுலைசரில் மருந்துப் புகை வைப்பதா, ஸ்பேசர் குழல் மாட்டிய இன்ஹேலர் கொடுப்பதா? நூலகர் முதலில் இதை நான்காகப் பிரிப்பார்: யாருக்கு, என்ன சிகிச்சை, எதற்குப் பதிலாக, எதை வைத்து அளக்கிறோம். பிறகு வயது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணை குழந்தைகளை வயதுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிறந்து ஒரு மாதம் வரை ஒரு கட்டம், 23 மாதம் வரை இன்னொன்று, 2 முதல் 5 வயது வரை, 6 முதல் 12 வரை, 13 முதல் 18 வரை என்று தனித்தனிக் கட்டங்கள். ஐந்து வயதுக்காரனும் ஆறு வயதுக்காரனும் வேறு வேறு கட்டம். அடுத்து மருந்தின் பெயர். இரைப்புக்குத் தரும் மருந்தை நாமும் பிரிட்டிஷ்காரர்களும் சால்பியூட்டமால் என்போம். அமெரிக்கர்களுக்கு அது ஆல்பியூட்டரால். ஒன்றை மட்டும் தட்டினால் அடுத்த கரையில் எழுதப்பட்டவை கண்ணில் படாமல் போகலாம். அமெரிக்க நூலகத்தின் பப்மெட் தேடல் தளத்தில் மூன்றரைக் கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன; இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் அதில் எங்கே போய்த் துழாவுவார்?

விடை இருக்கிறது. உயிருக்கே ஆபத்தான கட்டம் நீங்கலாக, ஸ்பேசர் நெபுலைசருக்குச் சளைத்ததல்ல; அதைப் பயன்படுத்திய குழந்தைகள் அவசரப் பிரிவில் இருக்கும் நேரமும் குறைகிறது என்கிறது காக்ரேன் தொகுப்பாய்வு. “புகை வைங்க டாக்டர்” என்று கேட்டு வாங்கும் நம்மூர்ப் பெற்றோர் இதைச் சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு கதை.

காக்ரேனின் சின்னத்திலும் ஒரு குழந்தைக் கதைதான் ஒளிந்திருக்கிறது. குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் தேறும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹவியும் 1972-லேயே காட்டினார்கள். தொடர்ந்து பல சோதனைகள் வந்தன. தனித்தனியே பார்த்தால் சில சோதனைகளில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த முறையான தொகுப்பு 1989-ல்தான் வெளியானது. அந்தச் சோதனைகள் சிலவற்றின் முடிவுகளைக் குறிக்கும் கோடுகள்தான் சின்னத்தில் இருப்பவை.

தேடித் தருபவர் வார்டுக்கே வந்தால் என்ன? அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் நூலகர் கெர்ட்ரூட் லாம்ப் 1971-ல் அதைச் செய்தார். நூலகர்கள் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போனார்கள், எழுந்த சந்தேகங்களைக் குறித்துக்கொண்டு போய்க் கட்டுரைகளோடு திரும்பினார்கள். பலன் உண்டா என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1992-ல் வெளியான, அமெரிக்காவின் ராசெஸ்டர் பகுதி மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், நூலகம் தந்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றியதாகச் சுமார் 80 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர்கள் தாங்களே சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், சிறிய எண்ணிக்கை அல்ல. இங்கிலாந்தில் 1,250 ஊழியருக்கு ஒரு நூலகராவது வேண்டும் என்று அங்கிருந்த சுகாதாரக் கல்வி அமைப்பு 2020-ல் பரிந்துரைத்தது.

நம் நாட்டில் படிக்கப் பணம் ஒதுக்காமல் இல்லை. 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சந்தா கட்டி, காக்ரேன் நூலகத்தை இந்தியர் எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட்டது. தெற்காசியாவுக்கான காக்ரேன் மையம் அமைந்ததே வேலூர் சிஎம்சியில்தான். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள். ஆனால், அது அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. தாலுகா மருத்துவமனைச் செவிலியருக்கு அதில் பங்கில்லை. கல்லூரிகளிலும் நூலகரை வாசலில் கையெழுத்து வாங்குபவராக உட்கார வைத்தால் அத்தனை ஜர்னலும் பூட்டிய அறைதான். சந்தாவுக்குச் செலவழிக்கும் அரசு, குழந்தைகள் மருத்துவமனைகளிலாவது மருத்துவத் தேடலில் பயிற்சி பெற்ற நூலகர்களை நியமிக்க வேண்டும். சந்தாத் தொகையோடு ஒப்பிட்டால் அதற்காகும் சம்பளம் சொற்பம்.

அதுவரை, எந்தக் கல்லூரிக் கணக்கும் இல்லாதவர்களுக்கு: பப்மெட்டில் தேடக் கட்டணம் கிடையாது. காக்ரேன் ஆய்வுகளின் எளிய சுருக்கங்களில் ஒரு பகுதி தமிழிலேயே இருக்கிறது. அந்தத் தளத்தில் மொழியை மாற்றினால் போதும், பெற்றோர்களும் படிக்கலாம்.